முதல் பிரசவம் சிசேரியன். ரெண்டாவதுக்கு சுகப்பிரசவம் முயற்சி பண்ணலாமான்னு கேட்டாலே முறைக்கறாங்க. எப்படிக் கேக்கறதுங்க?

மஞ்சக்காட்டுக்காரி (கோபி பக்கம்)

வணக்கமுங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

எனக்கு 29 வயசு. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். இந்தத் திங்கக்கிழமையில இருந்து பேறுகால லீவு. கட்டிக் குடுத்தது கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்து ஊரு. பெரியவளுக்கு மூணரை வயசு. இப்ப வயித்துல ரெண்டாவது, 32 வாரம்.

பெரியவ பொறந்தது காங்கயத்துப் பக்கம். கட்டுச்சோறு விருந்து முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போனவ, அங்கயே பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பிரசவம். ஆஸ்பத்திரியை முடிவு பண்ணுனது அப்பா. 39 வாரம் முடிஞ்சு ரெண்டாம் நாள் ராத்திரி 11 மணிக்கு வலி எடுத்துப் போனோம். போன ஒடனே எனிமா, ஷேவிங், டிரிப். மல்லாக்கப் படுக்க வச்சு வயித்துல பெல்ட்டைக் கட்டி, எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அம்மாவை வெளியவே நிறுத்திட்டாங்க. தண்ணி கேட்டேன், பஞ்சுல நனைச்சு ஒதட்டுல தொட்டு வச்சாங்க. காலைல 6 மணிக்குப் பாத்துட்டு 4 சென்டிமீட்டர்தான் திறந்திருக்குதுன்னாங்க. ஒம்பதரைக்கு ஒரு சிஸ்டர் வந்து பச்சைக் கவுனை மாட்டிவிட்டாங்க. எதுக்குங்க சிஸ்டர்னு கேட்டேன். "தண்ணி கம்மியாயிருச்சு அம்மிணி, தியேட்டருக்குப் போறோம். கையெழுத்தெல்லாம் உங்கூட்டுக்காரரும் உங்கப்பாவும் போட்டுட்டாங்க."

எனக்கு நல்லா நினைவு இருந்துச்சு. பேச முடிஞ்சுது. பேனா புடிக்கவும் முடிஞ்சிருக்கும்.

10.12க்குப் புள்ளை பொறந்துச்சு, 3 கிலோ 100. புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லை, அதுக்கு இன்னைக்கும் மாரியாத்தாளுக்குக் கும்புடு போடறேன். ஆனா ஒண்ணு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம். என்ற மாமனாரு காலைல 8 மணிக்கே ஆஸ்பத்திரி வராந்தாவுல பஞ்சாங்கத்தோட உக்காந்திருந்தாருன்னு தங்கச்சி பொறவு சொன்னா. தண்ணி கம்மியானதும் நேரம் நெருங்குனதும் ஒண்ணா நடந்துச்சா, இல்லை ஒண்ணுக்காக இன்னொண்ணான்னு மூணரை வருஷமா ரோசனை பண்ணிட்டுத்தான் இருக்கறேன். கேட்டா, "புள்ளை நல்லா இருக்குதல்ல, அப்பறமென்ன"ங்கறாங்க.

என்ற வேலையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஒரு டீ சர்ட்டுல பட்டன் நிறம் அரை ஷேடு மாறுனாக்கூட பையருக்கு மெயில் போட்டு, சாம்பிள் அனுப்பி, அவங்க சரின்னு எழுதுன பொறவுதான் கட்டிங் டேபிளுக்கே விடுவோம். வாயில சொன்னதுக்கு மதிப்பே கிடையாது. 180 ரூபாய் பனியனுக்கு இருக்கற அப்ரூவல் என்ற வயித்துக்கு இல்லையேன்னு அந்தக் கட்டில்ல படுத்துட்டு நினைச்சேன். சிரிப்பும் வந்துச்சு.

இப்ப நிலைமை இது. இங்க பாத்துட்டு இருக்கற டாக்டரம்மாகிட்ட, இந்தத் தடவை சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாமுங்களான்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன். முதல் தடவை சிரிச்சாங்க. ரெண்டாவது தடவை, "ஒரு தடவை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்தான். உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு"ன்னாங்க. அதோட அடுத்த டோக்கனைக் கூப்புட்டாங்க. முதல் பிரசவம் அம்மா வீட்டுச் செலவு, ரெண்டாவது எங்கூட்டுக்காரர் வீட்டுச் செலவு. செலவு யாருதோ முடிவும் அவிங்களுது. அத்தை ஏற்கெனவே ஜோசியர்கிட்டப் போய் ரெண்டு நாள் குறிச்சுட்டு வந்துட்டாங்க. ஒண்ணு 37 வாரம் முடிஞ்சு நாலாவது நாள், இன்னொண்ணு அதுக்கு ஆறு நாள் கழிச்சு. என்னைத் தவிர எல்லாருக்கும் அந்தத் தேதி தெரிஞ்சிருந்துச்சு. எனக்குச் சொன்னது பெரியவ. "அம்மா, பாப்பா புதங்கிழமை வருதாம்."

எங்கூட்டுக்காரர் நல்ல மனுசன்தான். ஆனா இதுல மட்டும் "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது"ன்னு முடிச்சுக்கறாரு.

நார்மல்தான் வேணும்னு நான் அடம் புடிக்கலைங்க. முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு எனக்குப் புரியற மாதிரி ஒருத்தர் சொல்லணும், அவ்வளவுதான். இந்த நிலைமையில யாராவது கேட்டுப் பாத்திருக்கீங்களா? எந்த வார்த்தையில கேக்கறது? ஆஸ்பத்திரியை இந்த நேரத்துல மாத்தலாமா?

---

பல்லடம் பையன்

அக்கா, தப்பா நினைக்காதீங்க. 2018ல நம்ம திருப்பூர்லயே யூடியூப் பாத்து வீட்டுலயே பிரசவம் பாத்து ஒரு பொண்ணு செத்துப் போனது மறந்துபோச்சா? இயற்கை, உரிமைன்னு பேசிப் பேசித்தான் அந்த நிலைமை வந்துச்சு. டாக்டர் தேவையில்லாம வயித்தைக் கிழிக்க மாட்டாங்க. பேசாம அவங்க சொல்றதைக் கேளுங்க. ரெண்டு புள்ளைக்கு அம்மாவா உசுரோட இருக்கறது முக்கியம்.

---

மஞ்சக்காட்டுக்காரி

தம்பி, நான் எழுதுனதுல வீட்டுல பெத்துக்கறேன்னு எங்கயாவது இருக்குதா? ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொல்லலை, எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கறேன். தமிழ்நாட்டுல 1000 பிரசவத்துல 996 ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல இருக்கு. அதே கணக்குல இன்னொண்ணும் இருக்குது பாருங்க. தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில 36, தனியார்ல 64. ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போனா 36, அந்தப் பக்கம் போனா 64. நம்ம வயிறு ஒண்ணுதானே? அரசுக்கு வர்றவங்க வேற, தனியாருக்குப் போறவங்க வேறன்னு கொஞ்சம் விட்டுக் குடுத்தாலும், பாக்கிக்குக் காரணம் கேக்கறது தப்பில்லையே.

அந்தப் பொண்ணு செத்ததை நானும் மறக்கலை. அப்ப நான் திருப்பூர்லதான் வேலையில இருந்தேன். ஆஸ்பத்திரியில கேள்வி கேட்டா பதில் வரும்னு நம்பிக்கை இருந்தா யாரும் யூடியூப்பைப் பாக்க மாட்டாங்க தம்பி.

---

ஓய்வு ஸ்டாஃப் நர்ஸ் (ஈரோடு மாவட்டம்)

அம்மிணி, 31 வருஷம் அரசு லேபர் வார்டுல நின்னவ நான். ரிட்டயர்டு ஆயி நாலு வருஷமாச்சு. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். உன்னைப் பரிசோதிச்ச டாக்டர் நானில்லை, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படி.

மொதல்ல, "ஒரு தடவை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்"ங்கறது பழைய பேச்சு. ஒரே ஒரு சிசேரியன் ஆனவங்க, கர்ப்பப்பையோட கீழ்ப்பாகத்துல குறுக்கால வெட்டுனவங்க, வேற சிக்கல் இல்லாதவங்க முயற்சி பண்ணுனா, 100ல 72ல இருந்து 75 பேருக்கு சுகப்பிரசவம் ஆவுது. முன்னாடியே ஒரு சுகப்பிரசவம் ஆனவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. உனக்கு அது இல்லை. மூணரை வருஷ இடைவெளி இருக்கறது நல்லது. ரெண்டு வருஷத்துக்கும் கம்மின்னா நானே ரோசிப்பேன்.

ஆனா உன்ற டாக்டரம்மாளை வில்லி ஆக்கறதுக்கு முன்னாடி இதையும் கேட்டுக்க. வலி வரும்போது பழைய தையல் பிரிஞ்சுக்கற ஆபத்து 200ல ஒருத்தருக்கு இருக்குது. 200ல ஒண்ணுங்கறது கம்மிதான், ஆனா பிரிஞ்சா நிமிசக் கணக்கு. புள்ளைக்கும் ஆகாது, தாய்க்கும் ரத்தம் கொட்டும். நான் என்ற சர்வீஸ்ல பாத்திருக்கறேன், அதை இங்க விவரிக்க மாட்டேன். அதனால எந்த நேரமும் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம், புள்ளை டாக்டர் எல்லாம் கையோட இருக்கற எடத்துலதான் முயற்சியே பண்ணணும். நம்ம பக்கத்துச் சின்ன ஊரு நர்சிங் ஹோம்ல பலதுல மயக்க டாக்டர் அங்கயே இருக்க மாட்டாரு. போன் போட்டு வரவழைக்கணும். அவரு இன்னொரு ஊர்ல கேஸ்ல இருப்பாரு. இது தெரிஞ்ச டாக்டர் "வம்பு வேண்டாம்"னு சொன்னா அது காசுக்காகன்னு மட்டும் எடுத்துக்காதே. பயந்துக்கூட சொல்லியிருக்கலாம். ஆனா பயத்தை வெளிப்படையாச் சொல்லி, "இங்க வசதி இல்லை கண்ணு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்"னு சொல்லலாமல்ல? அதைச் சொல்ல மாட்டாங்க. அங்கதான் எனக்கும் கோவம்.

இன்னொரு பக்கமும் இருக்குது. ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த தடவை நஞ்சுக்கொடி பழைய தழும்பு மேல போய் ஒட்டிக்கற ஆபத்து ஏறிட்டே போகும். மூணாவது வேணும்னு நினைக்கறவங்களுக்கு இது பெரிய விசயம். ரெண்டோட நிறுத்தறதுன்னா அவ்வளவு கவலை இல்லை.

இப்ப நீ பண்ண வேண்டியது. முதல் பிரசவத்தோட டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடு. வெளியே தெரியற தழும்பை வச்சு உள்ளே எப்படி வெட்டுனாங்கன்னு சொல்ல முடியாது, பேப்பர் வேணும். எதுக்காக ஆபரேஷன் பண்ணுனாங்கன்னும் அதுலதான் இருக்கும். இடுப்புல எடம் பத்தலைன்னு இருந்தா பேச்சு வேற. புள்ளை தலை கீழே திரும்பாம மேலயே இருந்துச்சுன்னு இருந்தா பேச்சு வேற.

பொறவு, கேக்கற விதம். "எனக்கு நார்மல்தான் வேணும்"னு ஆரம்பிச்சா எந்த டாக்டரும் கதவைச் சாத்திக்குவாங்க. "நான் முயற்சி பண்ணக்கூடாதுங்கறதுக்கு என்ற உடம்புல ஏதாவது காரணம் இருக்குதுங்களா?"ன்னு கேளு. காரணம் இருந்தா சொல்லுவாங்க. உடம்புல காரணம் இல்லை, ஆஸ்பத்திரியிலதான்னு தெரிஞ்சா, "அப்ப வசதி இருக்கற எடத்துக்கு ஒரு லெட்டர் குடுங்க"ன்னு கேளு. 32 வாரத்துல தாராளமா மாத்தலாம். 36 தாண்டுனா புது டாக்டருங்க தயங்குவாங்க. மாத்துனா பிக்மி நம்பரை, கர்ப்பத்தைப் பதிவு பண்ணுனப்ப குடுத்ததை, கொண்டு போ, அது இல்லாம புள்ளைக்குப் பிறப்புச் சான்று வாங்கறதுக்குள்ள அலைய விட்டுருவாங்க.

போற எடத்துல இதையும் கேளு: "ராத்திரி 2 மணிக்கு எனக்கு அவசரம்னா மயக்க டாக்டர் எங்க இருப்பாருங்க?" இந்த ஒரு கேள்விக்கு வர்ற பதில்லயே பாதி தெரிஞ்சு போகும்.

நீ 4 சென்டிமீட்டர்னு எழுதுனதைப் படிச்சுட்டு எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. உலக சுகாதார நிறுவனம் 2018ல சொன்னது: 5 சென்டிமீட்டர் ஆன பொறவுதான் வலி வேகம் புடிச்சதாவே கணக்கு. அதுக்கு முன்னாடி எத்தனை நேரம் ஆகும்னு யாருக்கும் விதி கிடையாது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர்னு பழைய கோடு போட்டு அளக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்குது. நடக்கலாம், உக்காரலாம், தண்ணி குடிக்கலாம், சிக்கல் இல்லாதவங்க சாப்புடலாம். எனிமா வேண்டாம், ஷேவிங் வேண்டாம், எல்லாருக்கும் கீழே வெட்டித் தையல் போடறதும் வேண்டாம். நான் வேலைக்குச் சேந்த காலத்துல வந்த ஒடனே எனிமா குடுத்து, பிளேடு எடுத்து, "கத்தாதே"ன்னு அதட்டுனவதான். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அதட்டுனா சீக்கிரம் பெறும்னு நினைச்சோம். இப்ப நினைச்சா கூச்சமா இருக்குது.

ஒண்ணு மட்டும் வித்தியாசம் கண்ணு. உனக்குப் பழைய தழும்பு இருக்கறதால புள்ளையோட நெஞ்சுத் துடிப்பை விடாம பாத்துட்டே இருக்கணும். பெல்ட்டு கட்டுவாங்க, அதுல சண்டை போடாதே. பெல்ட்டோடவே கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கலாம், பக்கவாட்டுல படுக்கலாம். வலிக்கு டிரிப் போட்டு வேகப்படுத்தறதா இருந்தா தையல் பிரியற ஆபத்து ரெண்டு மூணு மடங்கு ஏறும், அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க. வலி வந்தா வீட்டுல கஷாயம் குடிச்சுட்டு உக்காந்திருக்காம வந்துரு. கோபியில இருந்து ஈரோடு பெரிய தூரமில்லைன்னு நினைக்காதே, ஒரு லாரி குறுக்கே நின்னாப் போதும்.

கூட ஆள் நிக்கறதுக்கு 2016லயே மத்திய அரசு அனுமதி குடுத்தாச்சு, அரசு ஆஸ்பத்திரிக்கு. புள்ளை பெத்த அனுபவம் உள்ள பொம்பளையா இருக்கணும், மறைப்பு வசதி இருக்கற லேபர் ரூம்ல புருசனும் நிக்கலாம். உன்ற அத்தை நிப்பாங்களா, அம்மா நிப்பாங்களான்னு இப்பவே முடிவு பண்ணிக்க. வலியில அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்.

---

ஆழியாத்துக்காரி (பொள்ளாச்சி)

நர்ஸம்மா சொன்ன 100ல மிச்சம் இருக்கற 25 பேர்ல நான் ஒருத்திங்க. அதையும் யாராவது எழுதணும்.

எனக்கும் முதல்ல சிசேரியன். ரெண்டாவதுக்குக் கோயம்புத்தூர்ல ஒத்துக்கற டாக்டரைத் தேடிப் போய், 14 மணி நேரம் வலி. 8 சென்டிமீட்டர் வரைக்கும் வந்துச்சு. அப்பறம் புள்ளையோட துடிப்பு எறங்கி எறங்கி ஏறுச்சு. ராத்திரி 3 மணிக்கு டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு என்ற தலைமாட்டுல உக்காந்து புள்ளையோட துடிப்பு பதிஞ்ச பேப்பரைக் காட்டுனாங்க. "இந்தப் பள்ளம் இருக்குது பாருங்க, இது எனக்குப் புடிக்கலை. இன்னும் பாக்கலாம், ஆனா எனக்குத் தைரியம் இல்லை. நீங்க சொல்லுங்க"ன்னாங்க. நான்தான் சரின்னேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருந்துச்சு, வலியில.

இதைச் சொன்னா எல்லாம் இனிமையா முடிஞ்ச மாதிரி இருக்கும். இல்லைங்க. வலியும் பட்டு, வயித்தையும் கிழிச்சு, பில்லும் ரெண்டு மடங்கு. அம்மா 40 நாளும் பூண்டுக் குழம்பு ஊத்தும்போதெல்லாம் "அப்பவே சொன்னோம்"னு சொல்லித்தான் ஊத்துனாங்க. ரெண்டாவது தையல் ஆறறதுக்கு முதல் தையலைவிட நாள் ஆச்சு. பெரியவன் வேற இடுப்புல ஏறணும்னு அழுவான். நீங்க முயற்சி பண்ணுங்க, ஆனா இதுக்கும் வீட்டுல ஆள் ஏற்பாடு பண்ணிட்டுப் போங்க. முக்கியமா பெரியவளைப் பாத்துக்க.

இன்னொண்ணு. சுகப்பிரசவம் பத்திப் பேசற குரூப்புல எல்லாம் சிசேரியன்காரிகளை ஃபெயிலான புள்ளைக மாதிரி நடத்துவாங்க. என்ற நங்கையா தானா சிசேரியன் கேட்டு வாங்கிக்கிட்டா, அவளுக்கு வலின்னா பயம், அதுவும் அவ இஷ்டம். அவளுக்கு விழுந்த திட்டு எனக்குக்கூட விழலை.

---

கொடிவேரி

வயசு 61, விவசாயம். அம்மிணி, உங்க மாமனார் பஞ்சாங்கம் பாத்ததைக் குத்தமாச் சொல்றீங்க. எப்படியும் ஆபரேஷன்னு ஆயிப்போச்சுன்னா நல்ல நாளா, நல்ல நேரமாப் பாக்கறதுல என்ன தப்புங்க? நாத்து நடறதுக்கே நாள் பாக்கறோம். என்ற பேரன் மூலத்துல பொறக்க வேண்டியவன், ஒரு நாள் முன்னாடி எடுத்தோம். இன்னைக்கு நல்லாத்தான் இருக்கறான்.

---

ஓய்வு ஸ்டாஃப் நர்ஸ்

கொடிவேரி அண்ணா, 39 வாரம் முடிஞ்ச பொறவு நீங்க எந்த நாள் பாத்தாலும் நான் குறுக்கே வர மாட்டேன். ராகு காலம் தள்ளி வைங்க, எமகண்டம் தள்ளி வைங்க, டாக்டருக்கும் அதுல நட்டமில்லை. ஆனா காரணமில்லாம 37லயே எடுத்தா சில புள்ளைகளுக்கு நெஞ்சுல தண்ணி வத்தாம மூச்சு திணறும். வலி வந்து பொறக்கற புள்ளைக்கு அந்தத் தண்ணி தானா வத்தும். சித்திரை பொறக்கறதுக்குள்ள எடுக்கணும்னு அவசரப்பட்டு எடுத்த புள்ளைகளைப் பெட்டியில வச்சுப் பாத்த ராத்திரிக எனக்கு நிறைய. வெளியே நிக்கற தாத்தாமாருக்கு அது தெரியாது. இந்த அம்மிணிக்குக் குறிச்ச ரெண்டு நாளும் 39க்கு முன்னாடி. ஜோசியர்கிட்ட 39 வாரம் முடியற தேதியை எழுதிக் குடுத்து, அதுக்கு மேல பாக்கச் சொல்லுங்க. அவரு என்ன, பாத்துத் தர மாட்டேன்னா சொல்லப் போறாரு.

---

தாராபுரத்து வக்கீல்

கையெழுத்து விசயத்துக்கு மட்டும் வர்றேன். 18 வயசு ஆனவங்க, நினைவோட இருக்கறவங்க, அவங்க உடம்புல செய்யற ஆபரேஷனுக்கு அவங்கதான் சம்மதம் சொல்லணும். புருசன் கையெழுத்து, அப்பா கையெழுத்து எல்லாம் ஆஸ்பத்திரி வழக்கமே ஒழிய உங்க கையெழுத்துக்கு மாத்து கிடையாது. 2008ல சமீரா கோலி வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாச் சொல்லிருச்சு. அந்தம்மா மயக்கத்துல இருக்கும்போது அவங்க அம்மாகிட்டச் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. உசுருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதப்ப அந்தச் சம்மதம் செல்லாதுன்னு தீர்ப்பு. நிஜமான அவசரம், நோயாளி பேச முடியாத நிலைமைன்னா மட்டும் விலக்கு. உங்க கதையில நீங்க பேசிட்டுத்தான் இருந்திருக்கீங்க.

பேப்பர் விசயம்: நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள பதிவேட்டுக் காப்பி குடுக்கணும்னு 2002ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதியில இருக்குது. ஆனா வச்சிருக்கச் சொன்னது 3 வருஷத்துக்குத்தான். உங்களுக்கு மூணரை ஆயிருச்சு. இருந்தாலும் எழுதிக் குடுத்துக் கேளுங்க, சில எடத்துல தூக்கிப் போடாம இருப்பாங்க. இதை வச்சு வழக்குப் போடுங்கன்னு நான் சொல்ல வரலை, 32 வாரத்துல உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

---

மஞ்சக்காட்டுக்காரி

எல்லாருக்கும் நன்றிங்க. அஞ்சு நாள் கழிச்சு எழுதறேன், பெரியவளுக்குச் சளி.

பழைய ஆஸ்பத்திரிக்குத் தங்கச்சியை விட்டுக் கேக்கச் சொன்னேன். "மூணு வருஷத்துக்கு மேல ஃபைல் இல்லைங்க"ன்னுட்டாங்க. வக்கீலய்யா சொன்ன மாதிரியே. சரி போச்சுன்னு நினைச்சேன். அம்மாவுக்குப் போன் பண்ணி, ஏதாவது பேப்பர் இருக்குதான்னு பாரும்மான்னேன். அம்மா பீரோவைக் கொடைஞ்சாங்க. துணிக்கடை மஞ்சப் பை ஒண்ணுல பெரியவளோட ஜாதகக் குறிப்பு நோட்டு, அதுக்குள்ள நாலா மடிச்சு ஒரு ஜெராக்ஸ். டிஸ்சார்ஜ் சம்மரிதான்! ஜாதகம் கணிக்கறதுக்குப் பொறந்த நேரம் சரியா வேணும்னு அப்பா அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காரு. 10.12ஐச் சுத்திச் செவப்புப் பேனாவுல வட்டம். வட்டத்துக்கு மேல ரெண்டு வரி தள்ளி ஆபரேஷனுக்குக் காரணம் எழுதியிருக்குது. அந்த வரியை வீட்டுல யாரும் இதுவரைக்கும் படிச்சதில்லை.

தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்புனா. தண்ணி கம்மின்னு ஒரு எழுத்துக்கூட இல்லைங்க. "வலி முன்னேறலை, 4 செ.மீ., கர்ப்பப்பை கீழ்ப்பாகம் குறுக்கு வெட்டு"ன்னு இங்கிலீசுல இருக்குது. புள்ளைக்குத் திணறல்னும் இல்லை. படிச்சுட்டு வாசத்திண்ணையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கோவம் வரும்னு நினைச்சேன், வரலை. அழுகையும் வரலை. அரிசியும்பருப்பும் அடுப்புல அடிப்புடிச்ச வாசம் வந்த பொறவுதான் எந்திரிச்சேன்.

எங்கூட்டுக்காரர்கிட்டக் காட்டுனேன். படிச்சாரு. அன்னைக்குக் கையெழுத்துப் போடும்போது என்ன காரணம் சொன்னாங்கன்னு கேட்டேன். "காரணம் எங்க சொன்னாங்க, இங்க போடுங்கன்னு பேனாவைக் குடுத்தாங்க, போட்டேன்"னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன்"னாரு. மூணரை வருஷத்துல அன்னைக்குத்தான் அதைச் சொன்னாரு. வியாழக்கிழமை கூட வர்றேன்னுட்டாரு. இங்கத்த டாக்டரம்மாகிட்ட லெட்டர் கேக்கறதுக்கு. அப்படியே ஈரோட்டுல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அதே நாள் சாயங்காலம் டோக்கன் போட்டிருக்குது.

அத்தையும் வர்றாங்களாம். தடுக்கலை. 39 வாரம் முடியற தேதியைத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன், வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. என்ன அர்த்தம்னு தெரியலை.

நர்ஸக்கா, ரெண்டு கேள்வி. "வலி முன்னேறலை"ன்னு எழுதியிருக்கறது எனக்கு நல்லதா கெட்டதா? மயக்க டாக்டர் கேள்வியை யாருகிட்டக் கேக்கறது, டாக்டர்கிட்டயா ரிசப்ஷன்லயா?

---

ஓய்வு ஸ்டாஃப் நர்ஸ்

வலி முன்னேறலைன்னு ஆபரேஷன் ஆனவங்களுக்கு, புள்ளை தலை மேலயே இருந்ததால ஆபரேஷன் ஆனவங்களைவிட வாய்ப்புக் கொஞ்சம் கம்மின்னு சொல்லுவாங்க. ஆனா 4லயே நிறுத்துனது வேற கணக்கு. முழுசாத் திறந்து, முக்கியும் புள்ளை எறங்காம நின்னாத்தான் இடுப்பைப் பத்தி யோசிக்கணும். நீ அந்தக் கட்டத்துக்கே போகலை. குறுக்கு வெட்டுன்னு இருக்கறது நல்லது. அன்னைக்கு எடுத்த துடிப்புப் பேப்பரைப் பாக்காம அவங்க பண்ணுனது சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன், நீயும் வியாழக்கிழமை அதுல இறங்கிறாதே. இந்தப் புள்ளையைப் பத்தி மட்டும் பேசு. இந்தப் புள்ளையோட எடை, நஞ்சு எங்க இருக்குது, தலை எப்படி இருக்குதுன்னு கேளு.

மயக்க டாக்டர் விசயத்தை டாக்டர்கிட்டயே கேளு. ரிசப்ஷன்ல கேட்டா "எல்லாம் இருக்குதுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. பொறவு வெளியே வந்து லேபர் வார்டு ஆயாகிட்ட ஒரு தடவை கேளு. அவங்களுக்குத்தான் உள்ளது தெரியும். ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போ, கையில குடுத்தா திரும்பி வராது.